லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தக்காரர்கள், நண்பர்கள் வட்டத்தில் யாருடைய லேப்டாப் தூங்கி வழிந்தாலும் கடைசியில் அது என் மேசைக்கு வந்து சேரும். அப்படி வந்தவர்கள் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். எஸ்எஸ்டி என்பது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டும், தகவலைச் சிப்பில் சேமிக்கும் டிரைவ். "எந்த எஸ்எஸ்டி நல்லது?" என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். "உங்கள் லேப்டாப்பில் எது நுழையும்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் பிராண்டைத் தேர்வு செய்வது பத்து நிமிட வேலை.

ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் உண்மையிலேயே வேகம் கூடுமா?

கூடும், கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கே கூடும். லேப்டாப் ஹார்ட் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுபவை. ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி ஆகும். வேண்டிய தகவல் தட்டில் எங்கோ ஓரிடத்தில் இருக்கும். படிக்கும் முனை அங்கே நகர வேண்டும், தட்டும் சுற்றி அந்த இடத்துக்கு வர வேண்டும். விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிக்கிறது. அப்படிச் சிதறிக் கிடப்பதை ஹார்ட் டிஸ்க்கால் நொடிக்கு ஏறக்குறைய நூறு முறைதான் எடுத்துத் தர முடியும். எஸ்எஸ்டியில் நகரும் பாகமே கிடையாது. சாட்டா என்ற பழைய இணைப்பு முறையில் ஓடும் சாதாரண எஸ்எஸ்டியே அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை செய்துவிடும்.

ஆகவே ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எந்த எஸ்எஸ்டிக்கு மாறினாலும் தாவல் பெரியது. ஆனால் சாட்டா எஸ்எஸ்டியிலிருந்து என்விஎம்இ (புதிய, வேகமான இணைப்பு முறை) எஸ்எஸ்டிக்கு மாறும் தாவல், பிரவுசரும் வேர்டும் மட்டும் திறக்கும் ஒருவருக்கு அவ்வளவாகத் தெரியாது. பெட்டியில் அச்சடித்த எண்ணைப் பார்த்து ஏங்க வேண்டாம்.

எஸ்எஸ்டி முதலிலா, ரேம் முதலிலா?

ஹார்ட் டிஸ்க் இருந்தால் எஸ்எஸ்டி முதலில். ஏற்கெனவே எஸ்எஸ்டி இருந்து ரேம் 4 ஜிபிதான் என்றால் ரேம் முதலில்.

வாங்கும் முன் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

முதலில், உங்கள் லேப்டாப்பில் இருப்பது ஹார்ட் டிஸ்க் உட்காரும் 2.5 அங்குல இடமா, சின்ன அட்டையைச் செருகும் எம்.2 ஸ்லாட்டா, இரண்டுமா. எம்.2 என்றால் அது எந்த நீளத்தை ஏற்கும், சாட்டாவா என்விஎம்இயா. 2.5 அங்குலம் என்றால் தடிமன் என்ன. பழைய லேப்டாப் என்றால் அதன் பயாஸ் (லேப்டாப்பைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்) என்விஎம்இயிலிருந்து பூட் ஆகுமா, அதாவது விண்டோஸைத் தொடங்குமா. ஜென் 4, ஜென் 5 (இணைப்பின் வேகத் தலைமுறைகள்), நொடிக்கு 7,000 எம்பி என்பதெல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

என் லேப்டாப்பில் என்ன ஸ்லாட் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

லேப்டாப்பைத் திருப்பிப் போட்டு அடியில் உள்ள முழு மாடல் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். மூடியின் மேலே இருக்கும் பெயர் போதாது. ஹெச்பி 15எஸ் என்பதும் டெல் இன்ஸ்பிரான் 15 என்பதும் குடும்பப் பெயர்கள் மாதிரி. ஒரே பெயரில் பல வகை மதர்போர்டுகள் வந்திருக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரரின் "அதே மாடல்" லேப்டாப்பில் பொருந்தியது உங்களுடையதில் பொருந்தாமல் போக இதுதான் காரணம்.

முழு எண் கிடைத்ததும் அந்த மாடலின் சர்வீஸ் கையேட்டைத் தேடுங்கள். டெல் என்றால் அடியில் உள்ள சர்வீஸ் டேக் எண்ணை அவர்கள் தளத்தில் போட்டால் உங்கள் இயந்திரத்துக்கான கையேடு வந்துவிடும். லெனோவோவுக்கு பிஎஸ்ரெஃப் என்ற விவரக்குறிப்புத் தளம் இருக்கிறது. எத்தனை ஸ்லாட், எந்த நீளம், எந்த வகை என்று அதில் வரி வரியாக எழுதியிருப்பார்கள். ஹெச்பியும் பராமரிப்புக் கையேடுகளை பிடிஎஃப் ஆகவே தருகிறது. மூடியை எந்த ஸ்க்ரூவில் தொடங்கிக் கழற்ற வேண்டும் என்பதும் அதில் படத்தோடு இருக்கும். யூடியூப் வீடியோவைவிட இதைத்தான் நான் நம்புவேன்.

விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளையும் போட்டுப் பாருங்கள். இப்போது இருக்கும் டிரைவ் சாட்டாவா என்விஎம்இயா என்று இன்டர்ஃபேஸ் வரியில் சொல்லிவிடும். டிரான்ஸ்ஃபர் மோட் என்ற வரி இன்னும் சுவாரசியமானது. அதில் நடுவே ஒரு கோடு போட்டு இரண்டு பெயர்கள் இருக்கும். இடப்பக்கம் இருப்பது டிரைவ் இப்போது ஓடும் வேகம், வலப்பக்கம் இருப்பது அதனால் ஓட முடிந்த வேகம். இடது பக்கம் சாட்டா 300, வலது பக்கம் சாட்டா 600 என்று இருந்தால் தடை லேப்டாப் பக்கம் இருக்கிறது என்று அர்த்தம். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் எளிது. டிரைவின் பெயர் என்விஎம்இ என்று தொடங்கினால் அது என்விஎம்இ, எஸ்டி என்று தொடங்கினால் பெரும்பாலும் சாட்டா.

எந்த மென்பொருளும் காலி ஸ்லாட்டைப் பற்றி உறுதியாகச் சொல்லாது. அதற்குக் கையேடு வேண்டும், இல்லாவிட்டால் மூடியைத் திறந்து கண்ணால் பார்க்க வேண்டும்.

எம்.2 என்றாலே என்விஎம்இதானே?

இல்லை. இந்தக் குழப்பத்தில்தான் அதிகப் பணம் வீணாகிறது. என் பணமும் போயிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் தம்பியின் லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன், எம்.2 ஸ்லாட் காலியாக இருந்தது. மகிழ்ச்சியாக ஒரு என்விஎம்இ வாங்கி வந்தேன். ஸ்லாட்டில் வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தது, ஸ்க்ரூவும் போட்டாயிற்று. பயாஸில் மட்டும் வரவில்லை. நான்கு முறை கழற்றி மாட்டிய பிறகுதான் கையேட்டைத் திறந்து படித்தேன். அந்த ஸ்லாட் சாட்டா மட்டும் பேசுவது. பெட்டியைப் பிரித்துவிட்டதால் கடையில் திருப்பி எடுக்கவில்லை. அது அவர்கள் தப்பும் இல்லை.

விஷயம் இதுதான். எம்.2 என்பது வடிவத்தின் பெயர், அதாவது சூயிங்கம் பட்டை மாதிரி 22 மி.மீ. அகலத்தில் இருக்கும் அந்தச் சின்ன அட்டை. சாட்டா, என்விஎம்இ என்பவை அந்த அட்டை லேப்டாப்போடு பேசும் முறைகள். ஒரே வடிவத்தில் இரண்டு வகையும் விற்கிறார்கள். ஸ்லாட்டிலும் மூன்று வகை உண்டு: சாட்டா மட்டும் ஏற்பது, என்விஎம்இ மட்டும் ஏற்பது, இரண்டையும் ஏற்பது. இரண்டும் ஏற்கும் ஸ்லாட் இருந்தால் அதிர்ஷ்டம்.

தங்கப் பற்களுக்கு நடுவே இருக்கும் வெட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாமா?

பாதி கண்டுபிடிக்கலாம். அந்த வெட்டுக்குக் கீ என்று பெயர். ஒரே ஒரு வெட்டு, குறைவான பற்கள் இருக்கும் பக்கத்தில் ஐந்து பற்கள் என்றால் அது எம் கீ. இன்றைய என்விஎம்இ எல்லாமே ஏறக்குறைய இந்த வகைதான். இரண்டு பக்கமும் வெட்டு இருந்தால் அது பி, எம் இரண்டும் சேர்ந்தது. எம்.2 சாட்டா எஸ்எஸ்டிகள் பெரும்பாலும் இப்படி இருக்கும், ஆனால் சில என்விஎம்இயும் இப்படி வந்திருக்கின்றன.

சிக்கல் எங்கே என்றால், இரட்டை வெட்டுள்ள அட்டை எம் கீ ஸ்லாட்டிலும் நுழையும், பி கீ ஸ்லாட்டிலும் நுழையும். தம்பி லேப்டாப்பில் நடந்த மாதிரி, எம் கீ ஸ்லாட்டே சாட்டா மட்டும் பேசுவதாகவும் இருக்கலாம். நுழையாவிட்டால் நிச்சயம் வேலை செய்யாது. நுழைந்துவிட்டது என்பதற்காக வேலை செய்யும் என்று சொல்ல முடியாது.

2280, 2242, 2230 என்பதெல்லாம் என்ன?

மி.மீ. கணக்குதான். முதல் இரண்டு இலக்கம் அகலம், மீதி நீளம். 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். லேப்டாப்களில் அதிகம் இருப்பது 2280. சிறிய, மெலிந்த லேப்டாப்களில் 2242, 2230 ஸ்லாட்டுகள் உண்டு.

நீளமான ஸ்லாட்டில் குட்டை அட்டையை மாட்டலாம், ஆனால் ஸ்க்ரூ பிடிக்கும் இடம் அந்தத் தூரத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் நீட்டிப்புத் தகடு ஒன்று வாங்க வேண்டும். டெல் லேப்டாப்கள் பலவற்றில் 2230 அட்டையை இப்படி ஒரு தகட்டில் வைத்து 2280 இடத்தில் பொருத்தியிருப்பார்கள். பெரிதாக மாற்றும்போது அந்தத் தகட்டை எடுத்துவிட்டு, ஸ்க்ரூ இருக்கும் குமிழையும் தள்ளி வைக்க வேண்டியிருக்கும். குட்டை ஸ்லாட்டில் நீள அட்டையை மாட்ட வழியே இல்லை. பேட்டரியோ விசிறியோ குறுக்கே நிற்கும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. காலியாக வரும் ஸ்லாட்டில் அந்தக் குட்டி ஸ்க்ரூவும் பல நேரம் இருக்காது. அட்டையை மாட்டியதும் அது சாய்வாக மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். டேப் ஒட்டிச் சமாளிக்கலாம் என்று தோன்றும். வேண்டாம், சூட்டில் பசை இளகி அட்டை எழும்பிவிடும். எஸ்எஸ்டி வாங்கும்போதே ஸ்க்ரூவும் கேட்டு வாங்குங்கள். சென்னையில் இருந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் இதெல்லாம் சில்லறைக்குக் கிடைக்கும்.

2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி எல்லா லேப்டாப்பிலும் பொருந்துமா?

2.5 அங்குல ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் ஏறக்குறைய எப்போதும் பொருந்தும். பழைய ஹார்ட் டிஸ்க்குகள் 9.5 மி.மீ. தடிமன், இன்றைய எஸ்எஸ்டிகள் 7 மி.மீ. மெலிந்தது உள்ளே போவதில் சிக்கல் இல்லை. ஆட்டம் இருந்தால் சுற்றி ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைப்பார்கள், சில எஸ்எஸ்டி பெட்டிக்குள்ளேயே அது இருக்கும். திங்க்பேட் எக்ஸ்220, எக்ஸ்230 மாதிரிச் சில லேப்டாப்கள் 7 மி.மீ. மட்டுமே ஏற்கும். எஸ்எஸ்டி வாங்குபவர்களுக்கு அதிலும் கவலையில்லை.

சிக்கல் வருவது வேறிடத்தில். எம்.2 எஸ்எஸ்டியோடு விற்கப்பட்ட லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க்குக்கான இடம் காலியாக இருக்கும். "சரி, இங்கே ஒரு சாட்டா போட்டுக்கொள்ளலாம்" என்று திறந்தால் இணைக்கும் நாடா கேபிளும் தாங்கும் சட்டமும் இருக்காது. அவை அந்த மாடலுக்கென்றே வருபவை, தனியாக வாங்க வேண்டும். சில மாடல்களில் அந்த இடத்தைப் பெரிய பேட்டரி பிடித்துக்கொண்டிருக்கும். அப்படியென்றால் அந்த எண்ணத்தை விட்டுவிடலாம்.

சாட்டா எஸ்எஸ்டி என்ன வேகம் போகும்?

இன்றைய சாட்டாவான சாட்டா 3இன் உச்சம் நொடிக்கு 6 ஜிகாபிட். நடைமுறையில் 550 எம்பி சுற்றளவில் நிற்கும். எந்தக் கம்பெனி எஸ்எஸ்டியாக இருந்தாலும் இந்தச் சுவரைத் தாண்டாது. சாட்டா 2 மட்டும் உள்ள பழைய லேப்டாப்பில் அது பாதியாகி 270, 280 எம்பி வரும். அப்போதும் ஹார்ட் டிஸ்க்கைவிட எவ்வளவோ மேல். ஏனென்றால் லேப்டாப்பை வேகமாகக் காட்டுவது சிதறிய சின்னக் கோப்புகளை எடுக்கும் திறமைதான், அது சாட்டா 2இல் பெரிதாகக் குறைவதில்லை.

ஜென் 3 ஸ்லாட்டில் ஜென் 4 என்விஎம்இ போடலாமா?

போடலாம். என்விஎம்இ பயன்படுத்தும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பை, பழைய தலைமுறையும் புதியதும் ஒத்துப்போகும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள். ஜென் 3 ஸ்லாட்டில் நான்கு லேன் (தகவல் போகும் பாதை) இருந்தால் நொடிக்கு 3,500 எம்பி சுற்றளவில் வரும். அதே அட்டை ஜென் 4 ஸ்லாட்டில் 7,000 வரை போகும். விலை வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் ஜென் 4ஐ வாங்குங்கள், அடுத்த லேப்டாப்புக்கும் ஆகும். வித்தியாசம் அதிகம் என்றால் அந்தக் காசில் கொள்ளளவைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஜென் 5ஐ லேப்டாப்பில் போடுவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை, சூடுதான் மிச்சம்.

லேன் எண்ணிக்கையையும் பாருங்கள். திங்க்பேட் டி480 இதற்கு நல்ல உதாரணம். பழைய லேப்டாப் சந்தையில் நிறையக் கிடைக்கும் 2018ஆம் ஆண்டு மாடல் அது. அதன் 2.5 அங்குல இடத்தில் அப்படியே சாட்டா எஸ்எஸ்டி போடலாம். அதற்கென்று உள்ள அடாப்டர் தட்டு வாங்கினால் அதே இடத்தில் எம்.2 என்விஎம்இயும் போடலாம், ஆனால் அங்கே இரண்டு லேன்தான் வருகிறது. எவ்வளவு விலையுயர்ந்த அட்டையைப் போட்டாலும் நொடிக்கு 2,000 எம்பிக்குள்தான். அதற்கு உயர்ரக அட்டை வாங்குவது, சந்துக்குள் ஓட்ட ரேஸ் பைக் வாங்கின கதை.

என்னுடையது பத்து வருடத்துக்கும் மேலான லேப்டாப். அதில்?

2.5 அங்குல சாட்டா, கண்ணை மூடிக்கொண்டு. அந்தக் காலத்து லேப்டாப்களில் எம்சாட்டா என்று ஒரு வகையும் இருந்தது. எம்.2வைவிட அகலமாக, குட்டையாக இருக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. 2012இல் வந்த திங்க்பேட் டி430இல் எம்சாட்டா ஸ்லாட் உண்டு, ஆனால் அது சாட்டா 2 வேகம்தான். அதே லேப்டாப்பின் 2.5 அங்குல இடம் சாட்டா 3. எனவே விண்டோஸ் 2.5 அங்குலத்தில் இருக்கட்டும், கூடுதல் கோப்புகளுக்கு வேண்டுமானால் எம்சாட்டா.

என்விஎம்இயை ஏதாவது அடாப்டர் வைத்துப் பழைய லேப்டாப்பில் மாட்டும் வித்தைகள் உண்டு. இன்டெல் நான்காம் தலைமுறை, அதற்கு முந்தைய லேப்டாப்களின் பயாஸுக்குப் பெரும்பாலும் என்விஎம்இ என்றால் என்னவென்றே தெரியாது. விண்டோஸ் ஏறிய பிறகு டிரைவ் தெரியும், ஆனால் அதிலிருந்து பூட் ஆகாது. பொழுதுபோக்காகச் செய்தால் சரி, பிழைப்புக்கு வைத்திருக்கும் லேப்டாப்பில் வேண்டாம்.

அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் எஸ்எஸ்டி போட முடியுமா?

தமிழக அரசு 2011இல் தொடங்கிய திட்டத்தில் ஆண்டுக்கு ஆண்டு வெவ்வேறு மாடல்கள் கொடுக்கப்பட்டன. நான் திறந்து பார்த்த பழையவை எல்லாவற்றிலும் 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க்தான் இருந்தது. 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி நேராக உட்கார்ந்துவிட்டது. விலை குறைந்த 240 அல்லது 256 ஜிபி போதும். அந்தப் பிராசசர்களுக்கு அதற்கு மேல் செலவு செய்வது வீண். கூடவே ரேமைக் கூட்டி இலகுவான லினக்ஸ் ஒன்றைப் போட்டுக் கொடுத்தால் படிக்கிற பிள்ளைக்கு இன்னும் சில வருடம் ஓடும். அக்கா மகள் கல்லூரியில் படித்த காலம் முழுவதும் அப்படித்தான் ஓட்டினாள்.

எதில் எஸ்எஸ்டியை மாற்றவே முடியாது?

சேமிப்பகத்தை மதர்போர்டிலேயே ஒட்டி வைத்திருக்கும் லேப்டாப்களில். 32 அல்லது 64 ஜிபி இஎம்எம்சி என்ற ஒட்டிய சேமிப்புச் சிப்போடு வந்த மலிவு லேப்டாப்கள் இந்த வகை. அவற்றிலும் சிலவற்றில் தனியாக ஒரு எம்.2 ஸ்லாட் காலியாக இருக்கலாம், கையேட்டைப் பாருங்கள்.

ஆப்பிள் மேக்புக்கில் ஆண்டுதான் முக்கியம். ரெட்டினா திரை இல்லாத 2012 மேக்புக் ப்ரோவில் சாதாரண 2.5 அங்குல சாட்டா. 2013 முதல் 2017 வரையிலான மேக்புக் ஏரில் ஆப்பிளுக்கே உரிய இணைப்பு இருக்கும். சின்ன அடாப்டர் ஒன்றை வைத்து அதில் சாதாரண என்விஎம்இ போடலாம், ஆனால் அதற்கு முன் மேக்ஓஎஸ் ஹை சியராவுக்கோ அதற்கு மேலோ ஏற்றியிருக்க வேண்டும். 2018க்குப் பிறகு வந்த ஏரிலும் எம்1 முதலான மேக்புக்குகளிலும் ஒட்டியதுதான். வாங்கும்போதே வேண்டிய அளவை வாங்கிவிட வேண்டும்.

கையேட்டில் அதிகபட்சம் 512 ஜிபி என்று போட்டிருக்கிறது. 1 டிபி போட்டால் ஏற்காதா?

பெரும்பாலும் ஏற்கும். லேப்டாப் வெளிவந்த காலத்தில் கம்பெனி விற்ற அல்லது சோதித்துப் பார்த்த உச்ச அளவைத்தான் அங்கே எழுதுவார்கள். மிகப் பழைய, லெகசி என்ற பழைய முறையில் மட்டும் பூட் ஆகும் லேப்டாப்பில் 2 டிபிக்கு மேல் போகாதீர்கள். அங்கே பயன்படும் எம்பிஆர் பார்ட்டிஷன் முறை அதற்கு மேல் கணக்கு வைக்காது.

கொள்ளளவைவிட, அட்டை எத்தனை பக்கம் சிப் வைத்தது என்று பாருங்கள். 2 டிபி, 4 டிபி அட்டைகள் சிலவற்றில் கீழ்ப்பக்கமும் சிப் இருக்கும். மெலிந்த லேப்டாப்பில் அது மதர்போர்டில் இடிக்கும். ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) ஒட்டி வரும் அட்டைகளும் அப்படித்தான், அவை டெஸ்க்டாப்புக்கு.

1 டிபி வாங்கினேன், 931 ஜிபிதான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. 500 ஜிபி 465 என்றும், 256 ஜிபி 238 என்றும் தெரியும்.

டிராம், டிஎல்சி, க்யூஎல்சி என்று கடைக்காரர் சொல்வதைக் கணக்கில் எடுக்க வேண்டுமா?

ஓரளவுக்கு. எந்தத் தகவல் எந்த இடத்தில் இருக்கிறது என்ற வரைபடத்தை வைத்துக்கொள்ள எஸ்எஸ்டிக்கு ஒரு சின்ன ரேம் சிப் இருக்கும். அதுதான் டிராம். மலிவு எஸ்எஸ்டியில் அது இருக்காது. என்விஎம்இ என்றால் அதற்குப் பதிலாக லேப்டாப்பின் ரேமில் கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்ளும், நடைமுறையில் குறை தெரியாது. சாட்டாவில் அப்படிக் கடன் வாங்க வழியில்லை. அதனால் சாட்டா வாங்கும்போது மட்டும் நான் டிராம் இருப்பதைத் தேடுவேன்.

டிஎல்சியில் ஒரு செல்லுக்கு மூன்று பிட், க்யூஎல்சியில் நான்கு. நான்கை அடைத்தால் விலை குறையும், எழுதும் வேகமும் ஆயுளும் குறையும். க்யூஎல்சி எஸ்எஸ்டியில் நூறு ஜிபி வீடியோவை ஒரே மூச்சில் நகலெடுத்துப் பாருங்கள். முதலில் பறக்கும், வேகமாக எழுத ஒதுக்கியிருக்கும் இடம் நிரம்பியதும் சில மாடல்களில் நொடிக்கு 100 எம்பிக்கும் கீழே இறங்கிவிடும். பாட்டு, படம் சேமித்து வைக்கத் தாராளமாக வாங்கலாம். விண்டோஸ் இருக்கப்போகும் ஒரே டிரைவ் என்றால் டிஎல்சி வாங்குங்கள்.

ஆயுளைப் பற்றி எல்லோரும் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். சாம்சங் 870 ஈவோ 1 டிபிக்குக் கம்பெனி சொல்லும் எழுதும் அளவு 600 டிபி. தினமும் 20 ஜிபி எழுதினாலும் அதைத் தொட எண்பது வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் லேப்டாப்பின் கீல் உடைந்திருக்கும்.

டிவிடி டிரைவை எடுத்துவிட்டு அங்கே போடலாமா?

போடலாம், கேடி என்று ஒரு சட்டம் கிடைக்கும். தடிமன் 9.5 மி.மீ., 12.7 மி.மீ. என இரண்டு வகை, அளந்து பார்த்து வாங்குங்கள். எஸ்எஸ்டியை அங்கே வைக்காமல் பழைய ஹார்ட் டிஸ்க்கை அங்கே தள்ளிவிட்டு எஸ்எஸ்டியை முதன்மை இடத்தில் வையுங்கள். சில லேப்டாப்களில் டிவிடி பக்கத்து இணைப்பு மெதுவானது.

விண்டோஸை அப்படியே நகலெடுப்பதா, புதிதாகப் போடுவதா?

லேப்டாப் பல வருடக் குப்பையைச் சுமந்துகொண்டிருந்தால் புதிதாகப் போடுவதே என் வழக்கம். விண்டோஸ் உரிமம் மதர்போர்டோடு கட்டப்பட்டது, டிரைவை மாற்றினால் போகாது. அதே பதிப்பைப் போட்டு இணையத்தோடு இணைத்தால் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். இந்தச் சாக்கில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. புதிதாகப் போடுபவர்கள் தங்கள் லேப்டாப் விண்டோஸ் 11ஐ ஏற்குமா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் லினக்ஸ்.

டாலி, பழைய பில்லிங் மென்பொருள் என்று மறுபடி நிறுவ முடியாதவை இருந்தால் க்ளோன் செய்யுங்கள், அதாவது டிரைவை அப்படியே நகலெடுங்கள். சாம்சங், க்ரூஷியல் போன்றவை தங்கள் எஸ்எஸ்டியோடு க்ளோன் மென்பொருள் இலவசமாகத் தருகின்றன. பொதுவாகப் பயன்படுத்த க்ளோன்ஜில்லா இருக்கிறது. முகம் கொஞ்சம் கரடுமுரடு, வேலை சுத்தம். ஆனால் புதிய டிரைவ் பழையதைவிடச் சின்னதாக இருந்தால் அது அடம்பிடிக்கும்.

எதைச் செய்வதற்கு முன்னும் பிட்லாக்கர் (டிரைவைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) ஓடுகிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 11 ஹோமில்கூட மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் டிரைவ் தானாகப் பூட்டப்பட்டிருக்கலாம். மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொண்டு, பூட்டை முழுதாக எடுத்துவிட்டுப் பிறகு க்ளோன் செய்யுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் இதைச் செய்யாமல் தொடங்கி, 48 இலக்கச் சாவியைத் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தொலைத்தார்.

மாட்டியாயிற்று. விண்டோஸ் நிறுவும்போது டிரைவே இல்லை என்கிறது.

முதலில் பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் சரியாக அழுத்தி உட்காரவில்லை, அல்லது தவறான வகை வாங்கிவிட்டீர்கள். பயாஸில் இருக்கிறது, நிறுவும் திரையில் மட்டும் இல்லை என்றால், இன்டெல் 11ஆம் தலைமுறை, அதற்குப் பிந்தைய லேப்டாப்களில் காரணம் பெரும்பாலும் டிரைவ்களை நிர்வகிக்கும் விஎம்டி என்ற இன்டெல் அமைப்பு. லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, விரித்துப் பென் டிரைவில் போட்டு, நிறுவும் திரையில் லோட் டிரைவர் கொடுத்தால் டிரைவ் வந்துவிடும். விஎம்டியை பயாஸில் அணைத்தும் செய்யலாம், ஆனால் பழைய விண்டோஸ் அதே லேப்டாப்பில் தொடர்ந்து இருக்கப்போகிறது என்றால் அணைக்காதீர்கள், அது பூட் ஆகாமல் போகலாம்.

இரண்டாவது டிரைவாகப் போட்டு எக்ஸ்ப்ளோரரில் தெரியவில்லை என்றால் பயப்பட ஒன்றுமில்லை. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் ஜிபிடி என்ற பார்ட்டிஷன் முறையைத் தேர்ந்து இனிஷியலைஸ் செய்து, ஒரு எழுத்துக் கொடுத்தால் வந்துவிடும்.

இணையத்தில் மிகக் குறைந்த விலையில் பெரிய எஸ்எஸ்டி வருகிறதே?

ஒரு 1 டிபி நல்ல எஸ்எஸ்டியின் விலையில் கால்வாசிக்கு 4 டிபி, 8 டிபி கொடுக்கிறேன் என்றால் உள்ளே இருப்பது வேறு ஏதோ. பெரிய கொள்ளளவு இருப்பதாகப் பொய் சொல்லும்படி மென்பொருளை மாற்றிய சின்ன மெமரி கார்டை வைத்து விற்பதுண்டு. அளவு தாண்டியதும் பழைய கோப்புகளின் மேலேயே எழுதிக்கொண்டு போகும். வாங்கியதும் விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 போட்டு முழுவதும் எழுதிப் படித்துப் பாருங்கள், ஒரே இரவில் குட்டு வெளிப்பட்டுவிடும். பயன்படுத்திய எஸ்எஸ்டி வாங்குபவர்கள் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் ஓடிய மணி நேரத்தையும் எழுதிய அளவையும் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

கழற்றிய பழைய டிரைவை என்ன செய்வது?

ஒரு மாதம் தொடாமல் வையுங்கள். "அந்தக் கல்யாண போட்டோ எங்கே?" என்ற கேள்வி இரண்டாவது வாரத்தில்தான் வரும். அப்புறம் யுஎஸ்பி உறை ஒன்று வாங்கி அதில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம். உறையிலும் அதே பழைய கதைதான்: 2.5 அங்குல சாட்டாவுக்கு ஒன்று, எம்.2 சாட்டாவுக்கு ஒன்று, எம்.2 என்விஎம்இக்கு ஒன்று. கடையில் கேட்கும்போது கையில் டிரைவையும் எடுத்துக்கொண்டு போங்கள்.